உப்புநீர் மீன் தொட்டியில் பாசி: தம்போய் வீட்டில் கண்ட காரணம்

மூன்று மாதத்துக்கு முன்பு தம்போயில் இருக்கும் என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, தொட்டி முழுக்க முடி முளைச்சிருக்கு, வந்து பாருங்க” என்றான்.

இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அறுபது லிட்டர் உப்புநீர், இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பாறை, பாறைமேல் ஒட்டிய இரண்டு சிறு பவளங்கள். கோமாளி மீன் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. 2003இல் வந்த படத்துக்குப் பிறகு அவர்களுக்கு அது ‘நீமோ’தான். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், மிகைநேர வேலைக் காசில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த தொட்டி. நான் போனபோது பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு அங்குல நீளத்துக்குப் பச்சைப் பாசி தலைமுடி போல ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பவளம் அதற்குள் மூடிக்கொண்டு, திறக்கவே இல்லை. “இதுக்கு மேல ஒரு காசு செலவு பண்ணாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க” என்று வீட்டுக்காரி சொல்லியாகிவிட்டது. அவன் கையில் ‘பாசி மருந்து’ என்று ஒரு புட்டி இருந்தது. அதை ஊற்றலாமா என்று கேட்கத்தான் என்னை அழைத்திருக்கிறான்.

ஊற்றாதே என்றேன். காரணம், பல வருடங்களுக்கு முன்பு நான் ஊற்றியிருக்கிறேன். கடைக்காரர் கொடுத்தார், நானும் எழுத்தைப் படிக்காமல் மூடியில் அளந்து விட்டேன். அதில் செம்பு இருந்தது. செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் இறால், நத்தை, நண்டு, பவளம் எதுவும் செம்பைத் தாங்காது. மறுநாள் காலையில் என் நத்தைகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. மூன்றாம் நாள் பாசி செத்து அழுகத் தொடங்கியது, தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல ஆனது, அன்றிரவு ஒரு மீனும் போனது. அடுத்த மாதம் பாசி திரும்பி வந்தது, முன்னைவிட அடர்த்தியாக. அதை மேய்ந்துகொண்டிருந்த நத்தைகளை நானே கொன்றுவிட்டேன். செத்த பாசியோ தண்ணீரிலேயே கரைந்து புதுப் பாசிக்கு உரமாகிவிட்டது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உரம் போட்ட வாரத்தில் பெருமழை பெய்தால் செம்பனை வரிசைக்குப் பக்கத்து வாய்க்கால் எப்படிப் பச்சையாகும் என்று பார்த்திருப்பார்கள். வாய்க்காலில் யாரும் பாசி விதைக்கவில்லை. அது எப்போதும் அங்கே இருந்தது. உரம் வந்ததும் எழுந்தது. கடல் தொட்டியிலும் அதே கதை. பாசியின் விதைகளும் துணுக்குகளும் பாறையோடும் பவளத்தோடும் நத்தை ஓட்டோடும் வந்தே தீரும். அதைத் தடுக்க முடியாது. அது காடாக மண்டுவதற்கு மூன்று வேண்டும்: வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். லாலாங் புல்லை மேலே மட்டும் வெட்டினால் எத்தனை நாள் தாங்கும்? அதுபோலத்தான், இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்காமல் பாசியை மட்டும் பிடுங்குவது.

அதனால் தொட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனிடம் கேள்வி கேட்டேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடுற?”

“காலையில நான் போடுவேன். சாயந்தரம் பிள்ளைங்க போடும். ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா நானும் கொஞ்சம் போடுவேன்.”

இரண்டு மீனுக்கு மூன்று வேளை விருந்து. மீன் தீனியில் இருக்கும் புரதம் கடைசியில் நைட்ரேட்டாகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகிறது. மீன் தின்றாலும் சரி, தின்னாமல் கீழே விழுந்து அழுகினாலும் சரி, அதில் பெரும்பகுதி தண்ணீருக்குத்தான் வருகிறது. உறைய வைத்த இறால் கட்டியை அப்படியே போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டி கரையும்போது வரும் சாறு வெறும் உரம். தேநீர் வடிகட்டியில் வைத்துக் கழுவி, இறாலை மட்டும் போட வேண்டும்.

ஆனால் அவன் தொட்டியின் பெரிய காரணம் தீனி இல்லை. தொட்டிக்கு மேலே ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஜொகூர் பாருவின் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில், தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடும். விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். நல்ல யோசனைதான், நானும் செய்கிறேன். விசிறி எப்படிக் குளிர்விக்கிறது? தண்ணீரை ஆவியாக்கித்தான். அவன் தொட்டியில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைந்துகொண்டிருந்தது.

“குறைஞ்சா எதை ஊத்துற?”

“பைப்புத் தண்ணிதான் மாமா. குளோரின் மருந்து விட்டுத்தான் ஊத்துறேன்.”

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். குளோரின் மருந்து குளோரினை மட்டுமே செயலிழக்கச் செய்யும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கேட், பாஸ்பேட், நைட்ரேட் எதையும் அது தொடாது. குடிப்பதற்கு அந்த அளவுகளால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணீர் மட்டும். கரைந்திருப்பது போகாது. நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் இரண்டு மாதத்தில் அறுபது லிட்டர். அதாவது, ஒரு முழுத் தொட்டி குழாய்த் தண்ணீரில் இருந்ததெல்லாம் கூடுதலாக உள்ளே வந்து தங்கிவிட்டது. நாலு மாதத்தில் இரண்டு தொட்டி. குழம்பை வற்ற வைத்து, வற்ற வைத்து, அதிலேயே மேலும் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு என்ன ஆகும்? அதுதான் நடந்திருக்கிறது. வீடு சூடாக இருக்க இருக்க விசிறி அதிகம், ஆவி அதிகம், குழாய்த் தண்ணீர் அதிகம், பாசி அதிகம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய தொட்டிப் புத்தகங்களில் இந்தக் கணக்குக்கு இவ்வளவு முக்கியத்துவம் இருக்காது; நம் ஊரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வழியாக அழுத்தி வடித்த தண்ணீர். வீட்டுக்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. தாமான் கடைவரிசைகளில் சில்லறை போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் பலவும் ஆர்.ஓ. தண்ணீர் தருகின்றன. ஆனால் சில இயந்திரங்கள் தாது சேர்த்த தண்ணீரும் தரும், சிலவற்றில் சவ்வை மாற்றாமலே விட்டிருப்பார்கள். அதனால் கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்; விலை அதிகமில்லை. 10க்குக் கீழே காட்டினால் நல்லது, பூச்சியத்தை நெருங்கினால் மிகவும் நல்லது. 40, 50 காட்டினால் அடுத்த கடைவரிசைக்குப் போங்கள். சமையலறைக் குழாயில் மாட்டும் கரி வடிகட்டி இதற்கு உதவாது. அது வாடையையும் குளோரினையும் எடுக்கும், கரைந்த உப்புகளை எடுக்காது.

தினமும் குறைவதற்கு இந்தத் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு கலக்காமல். உப்பு ஆவியாகவில்லையே. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போதுதான், அதே ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மை வருகிறதா என்று அளந்து ஊற்ற வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வேலை முடிந்து இரவு வீட்டுக்கு வந்தால் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் காலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவுவரை எல்.இ.டி. விளக்கை எரிய விட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கத்தானே வாங்கினான். பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் நேரக்கருவி ஒன்றை மாட்டி, மதியம் மூன்றிலிருந்து இரவு பதினொன்றுவரை என்று வைத்தோம். எட்டு மணி நேரம் பவளத்துக்குப் போதும். அவனும் வந்து பார்க்கலாம். சன்னலோரமோ வாசல் பக்கமோ வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால், விளக்கை எவ்வளவு குறைத்தாலும் பயன் குறைவு. தொட்டியை நகர்த்துவதே வழி.

இதையெல்லாம் செய்வதற்கு முன், வந்திருப்பது எந்தப் பாசி என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ‘பாசி’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு எதிராகப் போகும்.

புதுத் தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடி படியும். விரலால் தொட்டால் தூசி போல எழும். இது டயட்டம். தன் ஓட்டைக் கட்டச் சிலிக்கேட்டை எடுத்துக்கொள்ளும், சிலிக்கேட் தீர்ந்ததும் தானாக ஓயும். இதற்குப் பயந்து காசு செலவு செய்ய வேண்டாம். ஆனால் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓயாது.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில் சளி போல, போர்வை விரித்த மாதிரி மணலை மூடி, உறிஞ்சினால் தாள் தாளாகக் கழன்று வந்தால் அது உண்மையில் பாசியே இல்லை. சயனோபாக்டீரியா எனும் நுண்ணுயிர். பூமியின் காற்றில் உயிர்வளியை முதலில் நிரப்பியது இந்தக் கூட்டம்தான், அவ்வளவு பழைய ஆள். நீரோட்டம் இல்லாத மூலைகளில் இது தங்கும். உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டப் பம்ப்பை அந்த மூலைக்குத் திருப்பினாலே பெரும்பாலும் குறையும். இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தொட்டியில் மீன் கழிவைச் சுத்திகரிப்பதும் நுண்ணுயிர்கள்தாம். அவையும் சேர்ந்து அடிபடலாம்.

பச்சை மணிகள் போலப் பளபளப்பாக ஒட்டியிருந்தால் குமிழிப் பாசி. தொட்டிக்குள் வைத்து நசுக்காதீர்கள். பாறையை வெளியே எடுத்து, அடியோடு பெயர்த்துவிடுங்கள்.

நான்காவதுதான் மோசமானது. மூக்குச்சளி போலப் பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக்குமிழ்கள், இரவில் மெலிந்து மறுநாள் பகலில் மறுபடி தடித்து நிற்கும். நத்தைகள் காரணமின்றிச் சாகும். இது டைனோஃபிளஜெல்லேட். பெரும்பாலும் இது வருவது அழுக்குத் தொட்டியில் இல்லை, அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியில். பாசிக்குப் பயந்து பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகள்களை அள்ளிப் போட்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால், போட்டிக்கு நிற்க வேண்டிய நல்ல உயிர்கள் பட்டினியில் சாகும். அந்தக் காலியிடத்தில் இது புகுந்துகொள்ளும். பவளம் வைத்திருக்கும் சிறு தொட்டிக்கு லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. பூச்சியம் இலக்கு அல்ல.

சோதனைத் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா மகன் தண்ணீரைச் சோதித்திருந்தான், இரண்டும் பூச்சியம். “தண்ணி சுத்தமா இருக்கு மாமா, அப்புறம் ஏன் பாசி?” என்று குழம்பியிருந்தான். தண்ணீரில் இல்லை, பாசியின் உடம்பில் இருக்கிறது. வருவதை எல்லாம் அது உடனுக்குடன் தின்றுவிடுவதால் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் குறையும்போது மெல்ல மெல்ல வெளியே விடும். அதனால்தான் எல்லாம் சரியாகச் செய்தும் சில வாரங்கள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பெரும்பாலோர் கைவிடுவது அந்த வாரங்களில்தான்.

இனி, முடிப்பாசிக்கு நாங்கள் செய்தது. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, பாறைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்து, கையால் பிடுங்கி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசி உள்ளே வைத்தோம். தொட்டிக்குள்ளேயே தேய்த்திருந்தால் துணுக்குகள் எங்கும் பரவியிருக்கும். பிடுங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: பாசி தின்ற உரம் பாசியோடு வெளியே போகிறது. மருந்தில் கொன்றால் அது உள்ளேயே தங்கும். அன்று ஒரு அரிசிக் குவளை நிறையப் பாசி வந்தது.

நத்தைகளைப் பிடுங்கிய பிறகுதான் விட வேண்டும். நீண்டு வளர்ந்த முடிப்பாசியை அவை சீண்டாது, கட்டையாக வெட்டிய பிறகு துளிர்ப்பதைத்தான் மேயும். அறுபது லிட்டருக்கு மூன்று நான்கு டர்போ நத்தைகள் போதும். இருபது போட்டால் பாசி தீர்ந்ததும் பட்டினி கிடந்து செத்து, அவையே உரமாகும். பாசி தின்னும் என்று நீல டாங் மீனை விற்க வருவார்கள். அது ஓரடி நீளம்வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டிக்கு அது வேண்டாம்.

தண்ணீர் மாற்றுவதில் கணக்கு பலரை ஏமாற்றும். வாரம் பத்து விழுக்காடு மாற்றினால், புதிதாக எதுவும் சேராவிட்டால்கூட, நைட்ரேட் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். இருபது விழுக்காடு என்றால் மூன்று வாரம். சிறு தொட்டியில் இருபது என்பது பன்னிரண்டு லிட்டர்தான், இரண்டு வாளி. நாங்கள் வாரம் இருபது என்று வைத்தோம். ஒரே நாளில் பாதியை மாற்றும் அவசரம் வேண்டாம்; உப்பும் சூடும் சட்டென்று மாறினால் பவளம்தான் முதலில் பாதிக்கப்படும்.

உப்பு வாங்கும் செலவைப் பார்த்து, “பக்கத்துல கடல் இருக்கே, டங்கா பே போய் நாலு கேன் எடுத்துட்டு வந்தா என்ன?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் ஜொகூர் நீரிணையின் தண்ணீர் இன்று அவன் தொட்டியின் நிலையில்தான் இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் கல் கொட்டிக் கட்டிய அணை போன்றது. கிழக்கும் மேற்கும் தண்ணீர் புகுந்து ஓடாதபடி மறித்து நிற்கிறது. அந்த ஓட்டமில்லாத மேற்குப் பக்கத்தில்தான் ஸ்கூடாய் ஆறும் பிற ஆறுகளும் ஊர்க்கழிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. உரம் உண்டு, வெயில் உண்டு, ஓட்டம் குறைவு. 2014 பிப்ரவரியில், மழை பொய்த்த நாள்களில், அங்கே கார்லோடினியம் என்ற டைனோஃபிளஜெல்லேட் பெருகியது. மேலே நான்காவதாகச் சொன்னேனே, அதே குலம். தஞ்சோங் கூப்பாங் பக்கத்தில் கூண்டுகளில் வளர்த்த மீன்கள் கூட்டமாகச் செத்தன. அடுத்த ஆண்டு மறுபடியும் நீரிணையில் பாசி பெருகி, சிங்கப்பூர்ப் பண்ணைகளில் 500 டன்னுக்கும் மேல் மீன் மடிந்தது. கடன் வாங்கிக் கூண்டு போட்டவர்களுக்கு அது ஓர் ஆண்டு உழைப்பு. அந்தத் தண்ணீரைக் கேனில் அள்ளி வந்து இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

மெர்சிங் போகிறவர்கள் ‘உயிர்ப்பாறை’ என்று சொல்லி ஒன்றிரண்டு கல்லையோ பவளத் துண்டையோ பையில் போட்டு வருவதும் உண்டு. ரவா, திங்கி, சிபு உள்ளிட்ட தீவுகளைச் சுற்றிய கடல், கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. அங்கிருந்து பவளம் எடுப்பது மீன்வளச் சட்டப்படி குற்றம்.

பிடுங்கிய பாசியை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாயில் வேண்டாம். மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோவின் கடலியல் காட்சியகத்தை ஒட்டிய கடற்பகுதியில் காலெர்ப்பா என்ற தொட்டிப் பாசியின் ஒரு சிறு திட்டு காணப்பட்டது. சில ஆண்டுகளில் அது பல நாட்டுக் கடலடியில் விரிந்து, இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவில் ஒரு கடற்கழியில் தெரிந்தபோது, உடனே தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் செலுத்தினார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது, எழுபது லட்சம் டாலருக்கு மேல் செலவு. யாரோ ஒருவர் தொட்டியைக் கழுவி ஊற்றியதில் தொடங்கியிருக்கலாம் என்பதே அங்கே பரவலான கருத்து. பிடுங்கியதை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். காய்ந்தால் ஒரு பிடிகூட இருக்காது.

தம்போய்த் தொட்டியில் முதல் நாலு வாரம் மாற்றமே தெரியவில்லை. அவன் மூன்று முறை அழைத்தான், மருந்தை ஊற்றட்டுமா என்று. ஐந்தாம் வாரம் பிடுங்கியது பாதிக் குவளை. எட்டாம் வாரம் ஒரு கைப்பிடி. மூடிக்கிடந்த பவளம் ஒன்பதாம் வாரம் திறந்தது. இன்னொன்று பிழைக்கவில்லை. போன ஞாயிறு நான் போயிருந்தபோது பாறையின் பின்புறம் மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது, ஒரு நத்தை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு மாலை ஒருவேளை மட்டும் தீனி போட அனுமதி. அந்தப் புட்டியை அவன் திறக்கவே இல்லை.